சினிகாங் சாப்பிட்ட சனிக்கிழமை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது தாய்க்கும் தகப்பனுக்கும் ஒரு பொய் சொன்னேன். ஒரே பொய்தான், ஆனால் தனித்தனியாகச் சொன்னேன். அது அவ்வளவு சுலபமாகப் பலித்தபோது நான் என் கெட்டித்தனத்தைத்தான் மெச்சிக்கொண்டேன்.

அப்போது அம்மாவும் நானும் டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் இருந்தோம். அப்பா தூரத்தில், பிறம்ரன் என்ற நகரில் இருந்தார். அங்கே ஒரு பண்டகசாலையில் அவருக்கு வேலை. தினமும் அவ்வளவு தூரம் கார் ஓட முடியாது, அதனால் வேலைக்குக் கிட்ட ஓர் அறை எடுத்திருக்கிறார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் அதை நம்பினேன். ஒன்று மட்டும் பிடிபடவில்லை. சனிக்கிழமைகளில் என்னைக் கூட்டிப்போக வரும் அப்பா மேலே வரமாட்டார். கீழே காருக்குள்ளேயே இருப்பார். அம்மாவும் கீழே இறங்கமாட்டார். என் ஜக்கெற்றின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, லிப்ற் கதவு மூடும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். ஆகவே இரண்டு பேரும் கோபம் என்று முடிவு செய்தேன். எங்கள் வகுப்பிலும் பிள்ளைகள் அடிக்கடி கோபம் போடுவார்கள். மத்தியானம் யாராவது ஒருத்தி சிப்ஸ் பையை நீட்டினால் அத்தோடு தீர்ந்துவிடும்.

அப்பாவின் அறையில் அடுப்பு இல்லை. அதனால் எங்கள் சனிக்கிழமைகள் எல்லாம் கடைகளில் கழிந்தன. ஒரு கிழமை வியட்நாம்காரரின் நூடில்ஸ் சூப், அடுத்த கிழமை சீனரின் ஹக்கா கடையின் உறைப்புக் கோழி, அதற்கடுத்த கிழமை கொரியாக்காரரின் கல்சட்டிச் சோறு. எந்தக் கடைக்குப் போனாலும் ஓடர் கொடுப்பது நான்தான். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை, ஆனால் பரிசாரகர் பக்கத்தில் வந்து நின்றதும் மெனுவைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். "நீயே சொல்லு பிள்ளை" என்று மெனுவுக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

பிலிப்பினோ கடை ஒன்றில்தான் அவர் மாறிப்போனார். அது ஒரு சின்ன பிளாசாவில், பல் வைத்தியருக்கும் உடுப்புத் தோய்க்கும் கடைக்கும் நடுவில் இருந்தது. அங்கே மெனுவே கிடையாது. கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டம் தட்டமாகச் சாப்பாடு ஆவி பறந்துகொண்டிருக்கும். வேண்டியதை விரலால் காட்டினால் போதும். அப்பா முதல் நாளே அட்டகாசமாக விரலை நீட்டினார். இது, இது, பிறகு அது. லும்பியா என்று மெல்லிய ரோல்ஸ், பான்சித் என்று நூடில்ஸ், உள்ளி போட்டுப் பொரித்த சோறு. கல்லாவில் நின்ற கடைக்காரப் பெண்ணை எல்லோரும் 'ஆத்தே, ஆத்தே' என்று கூப்பிட்டார்கள். அப்பா என் காதுக்குள் கேட்டார்:

"உவா எல்லாருக்கும் அத்தையோ?"

அவர்கள் மொழியில் அது அக்காவாம். அவர் அப்பாவை 'குயா' என்று கூப்பிட்டார், அண்ணை என்று அர்த்தம். நாங்கள் வந்து குடியேறிய அந்த நாட்டில் அப்பாவை அண்ணை என்று கூப்பிட எத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு நாங்கள் வேறு கடைக்குப் போகவில்லை.

அந்தக் கடையை வைத்துத்தான் என் திட்டம் பிறந்தது. மார்ச் மாதம் தொடங்கி ஒரு கிழமை இருக்கும். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், வேற்று நாட்டுச் சாப்பாடு ஒன்றைக் குடும்பமாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதாகச் சொன்னேன்.

"அப்பாவோட ஒவ்வொரு கிழமையும் போறாய்தானே. அதை எழுதன்."

"இல்லை. ரெண்டு பேரும் வர வேணுமாம். மிஸ் சொன்னவா."

"ரெண்டு பேருமோ?"

"ஓம். வராட்டி மார்க்ஸ் இல்லை."

அம்மா தண்ணீர்க் குழாயைப் பூட்டினார். கையைத் துடைத்தார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எப்ப குடுக்க வேணும்?" என்று கேட்டார். வாற திங்கட்கிழமை என்றேன். அன்று பின்னேரம் அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யாரோடோ கதைத்தார். சத்தம் உயரவில்லை. அடுத்த நாள் நான் அப்பாவுக்குப் போன் எடுத்து அதே பொய்யைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவர், "ஓம் ஓம், அம்மா சொன்னவா. வாறன்" என்றார். அம்மா அப்பாவோடு தானாகவே கதைத்திருக்கிறார்! கட்டிலில் ஏறி நின்று குதித்தேன்.

அந்தச் சனிக்கிழமை பனி கொட்டியது. பெரிய பெரிய பூக்களாக, அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா காரில் ஏற்றுவதாகச் சொல்லியும் கேட்காமல் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனார். கடைக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் அந்த வெளிச்சமும் உள்ளி வாசனையும் சூடும் ஒன்றாகச் சேர்ந்து முகத்தில் பட்டன. தண்ணீருக்குள் மெல்ல அமிழ்வதுபோல இருந்தது. அப்பா முன்பே வந்து மூலை மேசையில் இருந்தார். முகம் வழித்திருந்தார், கலியாண வீடுகளுக்குப் போடும் நீலச் சேட்டைப் போட்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். அம்மாவைக் கண்டு அவர் எழுந்து நின்று நான் முன்பு பார்த்ததில்லை.

"பஸ் சுணங்கிட்டுதோ?"

"இல்லை, நேரத்துக்கு வந்தது."

அம்மா மாடும் பன்றியும் தொடமாட்டார். அப்பா அதை எப்படியோ ஆத்தேக்கு விளங்கப்படுத்தியிருந்தார். கொஞ்ச நேரத்தில் பெரிய கிண்ணம் ஒன்று வந்தது. மீனும் கீரையும் முள்ளங்கியும் போட்ட புளிச்சாறு. அதன் பெயர் சினிகாங். அம்மா கரண்டி நுனியால் எடுத்து வாயில் விட்டார். நானும் அப்பாவும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"புளிதானே இது?" என்றார்.

"ஓம், எங்கடை புளிதான்," என்றார் அப்பா, ஏதோ அவரே காய்ச்சியதுபோல. "உமக்குப் பிடிக்கும் எண்டு தெரியும்."

அம்மா இன்னொரு கரண்டி எடுத்தார். பிறகு கிண்ணத்தைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டார். ஆத்தே வந்து பக்கத்தில் நின்று, கடைசியில் குயாவின் மனைவியைக் கண்டுவிட்டேன் என்று ஆங்கிலத்தில் சந்தோசப்பட்டார். அப்பா மேசையைப் பார்த்தார். அம்மா சிரித்துக்கொண்டு, சாப்பாடு மெத்த நல்லது என்றார்.

வீட்டுப்பாடம் என்று சொல்லிவிட்டேனே, கொப்பியை எடுத்து வைக்காமல் முடியாது. பென்சிலோடு இருந்தேன். இரண்டு பேரும் எனக்கு உதவத் தொடங்கினார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

"முதல்ல கடையைப் பற்றி எழுது. வெளியில பனி கொட்டுது எண்டு தொடங்கு," என்றார் அப்பா.

"சூப்புக்குள்ள என்னென்ன கிடக்கெண்டு எழுதினாத்தானே மார்க்ஸ் வரும்," என்றார் அம்மா. "கீரைக்கு என்ன பேர் எண்டு அவவைக் கேட்டுக்கொண்டு வா."

நான் ஓடிப்போய்க் கேட்டுக்கொண்டு வந்தேன். எழுத்துப் பிழைகளை அப்பா அழித்துவிட்டார். பென்சில் துகளை அம்மா ஊதிவிட்டார்.

அந்த மீனில் முள் அதிகம். அம்மா வழக்கம்போல் விரலால் சதையைப் பிய்த்து, முள்ளைத் தடவிப் பார்த்து எடுத்து, என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். ஒன்று, இரண்டு. மூன்றாவது துண்டை என்னைத் தாண்டி அப்பாவின் கோப்பையில் வைத்துவிட்டார். யோசித்து வைக்கவில்லை, கை தானாகப் போய்விட்டது. வைத்த பிறகு கை அங்கேயே நின்றது. அப்பா அந்தத் துண்டைப் பார்த்தார்.

"தாங்க்ஸ்," என்றார்.

அம்மா கையை எடுத்துக் கடதாசி ரிசுவில் துடைக்கப் போனார். ரிசு முடிந்திருந்தது. அப்பா பக்கத்து மேசையிலிருந்து எடுத்து நீட்டினார். அம்மாவும், "தாங்க்ஸ்," என்றார்.

என் திட்டம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன்.

கடைசியில் ஆத்தே காசில்லாமல் ஒரு பெரிய கண்ணாடிக் கிளாஸ் கொண்டுவந்து வைத்தார். ஹாலோ ஹாலோ. சீவின ஐஸ், பால், அவித்த பயறு, பச்சை ஜெலி, உச்சியில் ஊதா நிற ஐஸ்கிறீம். மூன்று கரண்டிகள் போட்டிருந்தது. மூன்று பேரும் ஒரே கிளாஸில் தோண்டித் தோண்டிச் சாப்பிட்டோம். வெளியே பிளாசா மறைந்துவிட்டிருந்தது. கார்கள் இல்லை, தெரு இல்லை, வெள்ளை மட்டும்தான். உலகத்தில் அந்த ஒரு கடையும் எங்கள் மேசையும் அந்த ஊதா ஐஸ்கிறீமும் மட்டும் மிஞ்சியிருப்பதுபோல இருந்தது. வயிறு நிறைந்து, அம்மாவின் கோட்டுக்குள் முகத்தை வைத்துச் சாய்ந்தேன். கண் சொருகியது.

நித்திரைக்கும் விழிப்புக்கும் நடுவே அவர்கள் கதைப்பது கேட்டது. நீரின் அடியிலிருந்து கேட்பதுபோலக் குரல்கள் மெத்தென்று வந்தன.

"பிள்ளைக்கு எப்ப சொல்லுறது?" இது அப்பா.

"லீவு முடியட்டும். இப்ப வேண்டாம்."

"ரெண்டு பேரும் இருந்து சொல்லுவம், என்ன?"

"ஓம். ரெண்டு பேரும்." பிறகு அம்மா, "அந்தக் குளிர்ச் சப்பாத்தை மாத்துங்கோவன். அடி தேஞ்சு போச்சு," என்றார்.

எனக்கு ஏதோ ஆச்சரியம் வைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. எங்காவது கூட்டிப்போகப் போகிறார்கள், அல்லது அப்பா திரும்பி வரப்போகிறார். கண்ணைத் திறந்தால் அது கெட்டுவிடும் என்று இறுக்கி மூடிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது அப்பாவின் காரில்தான் வந்தோம். அவர் முன் கதவைத் திறந்து பிடித்தார். அம்மா, "பிள்ளை நித்திரை தூங்குது, நான் பின்னால இருக்கிறன்," என்று என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். என்மீது எவ்வளவு அன்பு என்று நினைத்தேன். கட்டட வாசலில் இறங்கியதும் அம்மா குனிந்து கார் ஜன்னலுக்குள் சொன்னார்:

"கொண்டுவந்து விட்டதுக்குத் தாங்க்ஸ்."

திங்கட்கிழமை காலை என்னை யாரும் எழுப்பவில்லை. வெயில் ஏறிய பிறகு துடித்துப் பதைத்து எழும்பி ஓடினேன். அம்மா தேத்தண்ணியோடு இருந்தார். அந்தக் கிழமை முழுக்கப் பள்ளிக்கூடம் மார்ச் விடுமுறை. என் திட்டத்தின் மும்முரத்தில் நான் அதை மறந்தே போயிருந்தேன். பிடிபட்டுவிட்டேன் என்று அசையாமல் நின்றேன்.

"எழுதி முடிச்சிட்டியே?" என்று மட்டும் கேட்டார். "கொண்டுவா பாப்பம். பள்ளிக்கூடம் துறந்தாப் பிறகு குடுக்கலாம்."

அம்மாவுக்கு நாள் கிழமையே நினைவில்லை என்று எண்ணி ஆறுதலாக மூச்சு விட்டேன். கொப்பியைக் கொடுத்தேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். கடைசி வரியில் விரல் நின்றது. 'இன்றைக்கு அம்மாவும் அப்பாவும் மூன்று தரம் தாங்க்ஸ் சொன்னார்கள்' என்று அதில் எழுதியிருந்தேன்.

"இதையும் எழுத வேணுமே?"

"ஓம். அதுதான் முக்கியம்."

"சரி. அப்ப இருக்கட்டும்," என்று கொப்பியை மூடாமல் என்னிடம் நீட்டிவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணியைத் திரும்பச் சுட வைக்க எழுந்து போனார்.

விடுமுறை முடிந்து இரண்டாம் கிழமை, இரண்டு பேரும் எங்கள் வரவேற்பறையில் அருகருகே இருந்து எனக்குச் சொன்னார்கள். சொன்னபடியே, ஒன்றாக. விவாகரத்துப் பத்திரங்களில் அவர்கள் கையெழுத்து வைத்தது நாங்கள் சினிகாங் சாப்பிட்ட சனிக்கிழமைக்கு முந்திய கிழமை என்பதை நான் இருபது வயதுக்குப் பிறகுதான் அறிந்தேன். என் பொய்யை அம்மா பாத்திரம் கழுவும் தொட்டியடியிலேயே கண்டுபிடித்துவிட்டார் என்பதையும் அப்போதுதான்.

எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் யாருக்கும் தாங்க்ஸ் சொன்னதில்லை. அம்மா எத்தனை வருடம் மீன் முள் எடுத்துக் கொடுத்தார், அப்பா எத்தனை மாரிகாலம் பஸ் தரிப்பில் காருடன் காத்து நின்றார். இருவரும் வாய் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. தன்னுடைய ஆளுக்கு யார் தாங்க்ஸ் சொல்லுவார்கள்? ஒன்பது வயதில் எனக்கு இது தெரியவில்லை. அந்தத் திங்கட்கிழமை, அம்மா தேத்தண்ணியைச் சுட வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்ற நேரத்தில் நான் சிவப்புப் பேனையைத் தேடி எடுத்து, அந்தக் கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடுகள் அழுத்தி இழுத்தேன்.