குட்டியம்மா வீடு திரும்பவில்லை

தோழிகளே, இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

அவளுக்கு மூச்சு இழுப்பு வந்ததும் பூனை முடிதான் காரணம் என்று நானே முடிவு கட்டினேன். பாப்பாவுக்கு முன்பே சேலைத் தொட்டிலில் ஏறிப் படுத்து, ஆட்டச் சொல்லிக் கத்தும் எங்கள் பூனை குட்டியம்மாவைச் சாக்கில் கட்டி, கிணத்துக்கடவுத் தோப்பில் விட்டுவந்தோம்.

இன்று டாக்டர் என் கணவரின் சட்டையைப் பார்த்தார்.

"மில்லுல இருந்து வந்து அப்படியே கொழந்தையத் தூக்குவீங்களா? இந்தப் பஞ்சுத் தூசிதானுங்க காரணம்."

உடனே தோப்புக்கு ஓடினோம். காவல்கார அம்மா சொன்னார்: "அது அன்னைக்கே ரோட்டப் பார்த்துப் போயிருச்சுங்க அம்மணி. ஊட்டுக்கு வரலீங்களா?"

வரவில்லை. பத்து நாளாகிறது.

பொள்ளாச்சி சாலையில் இருப்பவர்கள் கொஞ்சம் பாருங்கள். வெள்ளை நிறம், ஒரு காது மட்டும் கருப்பு. பேர் சொன்னால் திரும்பாது. பால் பாக்கெட்டை வெட்டினால் ஓடிவரும்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.