டாக்டரம்மா சொன்ன ‘கம்ஃபர்டபிள்’

சோபா செய்து விற்கும் பட்டறையில் மெத்தை உறை தைப்பவள் அவள். எல்லோருக்கும் ‘குஷன் அக்கா’. படிப்பைப் பாதியில் விட்டவளுக்கு இங்கிலீஷ் என்றால் கடையில் காதில் விழுந்ததுதான். அதில் நன்றாகப் பழகிய சொல் கம்ஃபர்டபிள். சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் அதைச் சொல்லிவிட்டால் வியாபாரம் படிந்த மாதிரி.

வேன் ஓட்டிக்கொண்டிருந்த கணவர் ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு காலை டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டு, “இனிமே டெஸ்ட், ஊசின்னு அவரைப் படுத்த வேண்டாம்மா. கம்ஃபர்டபிளா வெச்சுக்கலாம்” என்றார்.

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்கு உடனே போன் போட்டாள்.

“அப்பாவுக்குத் தேவலைடி. டெஸ்டே வேண்டாம்னுட்டாங்க. நீ அடிச்சுப் பிடிச்சு வராதே, லீவு கிடைக்கறப்ப வா.”

மகள் எடுத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாள்.

சாயங்காலம் கணவர் கண் திறந்தார். “பாப்பா வரலையா?” என்றார். “வருவா, என்ன அவசரம்?” என்று போர்வையை இழுத்துவிட்டாள். அதன் பிறகு அவர் பேசவில்லை. தூங்குகிறார் என்றே நினைத்தாள்.

மறுநாள் நர்ஸிடம், “வீட்டுக்கு எப்ப சிஸ்டர் அனுப்புவீங்க? டாக்டரம்மா கம்ஃபர்டபிள்னாங்களே” என்று கேட்டாள். நர்ஸ் அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போனாள்.

“அக்கா, அது குணமாயிடுச்சுன்னு இல்லை. இனி வைத்தியம் கேக்காது, வலி தெரியாம பாத்துக்கலாம்னு அர்த்தம்.”

“அதை விளங்கற மாதிரி சொல்லக் கூடாதா?”

“சொல்ல யாருக்குமே வாய் வராதுக்கா.”

மகளுக்குப் போன் போட்டபோது அவளுக்கும் வாய் வரவில்லை. “கிளம்பி வா” என்று மட்டும் சொன்னாள்.

“தேவலைன்னு நேத்துதானேம்மா சொன்னே?”

“தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்டி.”

மகள் வந்து சேர்ந்தபோது அவருக்கு மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ‘அப்பா, அப்பா’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. அன்றே அவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு மகள் கேட்டாள். “நான் முதல்லயே வந்திருந்தா பேசியிருப்பாராம்மா?”

இல்லை என்று சொல்லிவிடலாம். பிள்ளை மனது ஆறும். ஆனாலும் பொய் வரவில்லை.

“பேசியிருப்பார். உன்னைத்தான் கேட்டார்.”

மகள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இவள் கதவுக்கு வெளியிலேயே தரையில் உட்கார்ந்தாள். உள்ளே அழுகை ஓயும்வரை கதவைத் தட்டவில்லை.