ஒன்றும் ஆகாத நாட்கள்

பழுது வந்தபின் ஓடிவருகிறவருக்கு நன்றி கிடைக்கும், பழுது வராமல் பார்த்துக்கொள்கிறவருக்கு, "நீ எதற்கு?" என்ற கேள்விதான் கிடைக்கும். பராமரிப்புத் தொழிலில் காலம் தள்ளிய உங்களுக்கு இது புதிதல்ல.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். ராயபுரத்தில், கடைகளின் கம்ப்யூட்டர்களை ஆண்டு ஒப்பந்தத்தில் பராமரிக்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. போன் எடுப்பவள் நான். போய்ப் பார்ப்பவன் தாஸ். பெரிய வாடிக்கையாளர், மளிகை மொத்த வியாபாரம் செய்த அண்ணாச்சி. அவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காவிட்டால் தாஸை நிறுத்திவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

கரித்தூள்

துறைமுகத்து நிலக்கரித் தூள் எதையும் விடாது. கொடியில் காயும் புடவையிலும் படியும், கம்ப்யூட்டருக்குள்ளும் படியும். தாஸ் வாராவாரம் அண்ணாச்சி கடைக்குப் போய், பெட்டியைத் திறந்து தூசு தட்டி, கணக்கையெல்லாம் ஒரு சிடியில் நகலெடுத்து என்னிடம் தருவான். நகலும் கடையிலேயே இருந்தால் ஒரு நெருப்பில் இரண்டும் போய்விடுமாம். ஆகவே ஒரு கடையின் உயிர், என் சாப்பாட்டுப் பையில், மோர் டப்பாவுக்குப் பக்கத்தில், திருவொற்றியூர் ரயிலில் என் வீட்டுக்கு வரும். அன்றைக்கு மட்டும் பையைக் கீழே வைக்க மனம் வராது.

அண்ணாச்சியின் கண்ணில் பட்டது தூசு தட்டும் பிரஷ் மட்டும்தான். போனில் கேட்டார்: "ஒங்க தாஸு வாரான், தொடைக்கான், போறான். தொடைக்க எங்கிட்ட ஆள் இல்லையாக்கும்?"

நெற்றி

ஆயுத பூஜைக்கு மறுநாள் அந்தக் கம்ப்யூட்டர் சூடாகிச் சூடாகி நின்றது. வாசலில் லோடு வண்டிகள் காத்திருந்தன. தாஸ் போய்ப் பார்த்தால், காற்று போகும் துளைகள் அத்தனையும் சந்தனம்; நடுவில் அழகாகக் குங்குமம். பில் போடும் வள்ளியின் பக்தி. ஈரத்துணியும் ஊசியுமாக உட்கார்ந்து அடைப்பை எடுத்தான். அண்ணாச்சி கோயிலிலிருந்து வருவதற்குள் பில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆகவே அவரைப் பொறுத்தவரை அன்றும் ஒன்றும் ஆகவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகாமலே கிடந்தது.

வள்ளியிடம் தாஸ் சொன்னது இவ்வளவுதான்: "இன்னாக்கா, மிஷினுக்கு நெத்தி எங்க கீதுன்னு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா?"

பக்கத்துக் கடை

பக்கத்தில் படகுகளுக்குக் கயிறும் வலையும் விற்றவர் ஜோசப். கெட்டால் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் போடாதவர். ஐப்பசி மழையில் அவருடைய கம்ப்யூட்டர் ஒரேயடியாகப் போனது. நகல் எடுத்து வைத்திருந்தார்தான். அதே கம்ப்யூட்டருக்குள், 'பத்திரம்' என்று பெயரிட்டு. தாஸ் எவ்வளவோ முயன்றும் ஒன்றும் மீளவில்லை. எந்தப் படகுக்கு என்ன சரக்கு என்று தெரியாமல், திறந்த கடையில் ஜோசப் சும்மா உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சியும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தாஸைப் பார்த்து, "எங்க கடை நகலு எங்கய்யா கெடக்கு?" என்றார். "போன் எடுக்குற அம்மா வூட்ல பத்திரமா கீது, அண்ணாச்சி" என்றான் தாஸ்.

மாலையில் அண்ணாச்சி குடையோடு என் மேசைக்கே வந்தார். நனையாமல் கொண்டுவந்த ஒப்பந்தத்தை, கையெழுத்தோடு, என் முன்னால் வைத்தார். "வேலை இல்லாத அன்னைக்கும் தாஸ வரச் சொல்லும்மா. சும்மா வந்து நின்னுட்டுப் போனாலும் சரி."

நாங்கள் விற்றது ஒன்றும் ஆகாத நாட்களை; அந்தச் சரக்கு வாங்கியவர் கடையில் கண்ணுக்குத் தெரியாது, பக்கத்துக் கடையில்தான் தெரியும்.