டார்ச்சு அண்ணன் நிற்காத படம்

குகைக்கும் அருவிக்கும் ஆட்களைக் கூட்டிப் போகிறவருக்கு அந்த மலைக்காட்டு ஊரில் டார்ச்சு அண்ணன் என்று பெயர். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் யாரும் வழிகாட்ட மாட்டார்கள்.

அவர் வேலையில் பாதி நடப்பது, பாதி படம் எடுப்பது. யாராவது செல்போனைத் தூக்கினால் போதும், "குடுங்க, நான் எடுக்கறேன்" என்று கை தானாக நீளும். எத்தனையோ வீடுகளில் அவர் எடுத்த படம் இருக்கிறது. அவர் நிற்கும் படம் அவருடைய சொந்த வீட்டில்கூடக் கிடையாது.

வீடு என்பது டிக்கெட் கவுன்டருக்குப் பின்னால் ஒற்றை அறை. காயாத துண்டின் வாடை, மூலையில் சுருட்டிய கயிறு, சார்ஜில் கிடக்கும் டார்ச்சுகள். சுவரில் மனைவி கைக்குழந்தையோடு அருவியில் நிற்கும் படம். எடுத்தது இவரேதான். மனைவி இறந்த பிறகு மகள் நகரத்தில் சித்தியிடம் வளர்ந்தாள். சீசனில் இவரால் நகர முடியாது, மழையில் பாதை இருக்காது. அவள் கல்யாணத்தன்றும் பாலம் மூழ்கி, மண்டபம் காலியான பிறகுதான் போய்ச் சேர்ந்தார். தனியாக இருந்து பழகிவிட்டது என்று கேட்பவர்களிடம் சொல்வார். பச்சைப் பொய்.

மகளும் மருமகனும் முதன்முறையாக வருகிறார்கள் என்றதும், அவளோடு ஒரு படமாவது எடுத்து மாட்டிவிடுவது என்று ஃபிரேம் வாங்கி ஆணியும் அடித்துவிட்டார். கடைக்காரர் மாதிரிக்கு வைத்திருந்த யாரோ ஒரு குடும்பம் அதற்குள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. "ரெண்டு நாள் இருங்க, அப்புறம் எங்க ஆளுங்க வந்துடுவாங்க" என்று அவர்களிடம் சொல்லி வைத்தார்.

காலையில் வந்தவர்கள் பொழுது சாய்வதற்குள் மலையிறங்க வேண்டும். மகளிடம் என்ன பேசுவதென்று தெரியாமல், குகைக்குள் எல்லோரிடமும் சொல்வதையே ஒப்பித்தார். "தலையைப் பாத்து வாங்க. அந்தப் பாறை யானை மாதிரி தெரியுதா பாருங்க."

"அப்பா, நான்தான்ப்பா" என்று மகள் சிரித்தாள். அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அருவிக்கு முன்னால் அவள் பாறையில் உட்கார்ந்து, "இங்க வாங்கப்பா" என்று பக்கத்தில் தட்டிக் காட்டினாள். மருமகன் செல்போனைத் தூக்கினார். அதற்குமேல் நடந்தது எதுவும் யோசித்து நடந்ததல்ல.

"குடுங்க, நான் எடுக்கறேன். நீங்க போய் அவ பக்கத்துல உக்காருங்க."

மருமகன் தயங்கினார். மாமனாரை மறுத்துப் பேசக் கூச்சம். போய் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் இடது பக்கம். ஆங், சிரிங்க."

படம் பிரமாதமாக வந்தது.

கார் வளைவில் திரும்பி மறைந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. நடு ரோட்டில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஊர் போய்ச் சேர்வதற்குள் மகள் போன் செய்தாள். "ஏன்ப்பா, என்கூட உக்காரப் பிடிக்கலையா? அவருக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

இல்லடா கண்ணு, எல்லாம் இந்தப் பாழாய்ப்போன கைதான் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். வாயில் வந்தது வேறு.

"வெளிச்சம் போயிடும்மா. வெயில் இறங்கிட்டா அருவி எடுப்பா வராது. அதான்" என்றார்.

"சரிப்பா." அவள் வைத்துவிட்டாள்.

அறையில் விளக்கைப் போட்டார். ஆணியில் அந்தக் குடும்பம் சிரித்தபடியே இருந்தது. கழற்ற மனம் வரவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் இருங்க" என்றார் அவர்களிடம்.