மெதுவக்கா எழுதிய மூன்றாவது தேர்வு

அந்த முதியோர் இல்லத்தில் எல்லோரும் அவளை மெதுவக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சோம்பேறி என்பதால் வந்த பெயர் இல்லை. எதையும் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்யமாட்டாள், அவ்வளவுதான். படுத்த படுக்கையாக இருப்பவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க மற்றவர்களுக்கு இரண்டு நிமிஷம் போதும், அவளுக்கு ஐந்து வேண்டும். ஆனால் அவள் கை பட்டுப் புரண்ட யாரும் "ஐயோ" என்று கத்தியதில்லை.

முதலில் அவள் அங்கே சலவை அறையில் இருந்தாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் வார்டு ஆட்கள் இரண்டு பேர் ஒரே நாளில் காய்ச்சலில் படுத்துவிட, தலைமை நர்ஸ் வந்து, "ஒரு நாளைக்கு மட்டும் வந்து கை குடும்மா" என்றார். போனவள் போனவள்தான், சலவை அறைக்குத் திரும்பவே இல்லை. யாரும் அவளுக்கு வகுப்பு எடுக்கவில்லை. பார்த்தாள், செய்தாள், தப்பு செய்தாள், திருத்திக்கொண்டாள்.

அப்புறம் சட்டம் வந்தது. இனிமேல் பராமரிப்பு உதவியாளர் தேர்வில் தேறியவர்கள் மட்டும்தான் அங்கிருப்பவர்களைக் குளிப்பாட்டலாம், தூக்கலாம், ஊட்டலாம். மற்றவர்கள் தரை துடைக்கலாம், துணி மடிக்கலாம். ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். மூன்று முறை எழுதலாம்.

செய்முறைத் தேர்வில் அவள் முதல் தடவையே தேறிவிட்டாள். எழுத்துத் தேர்வில்தான் முழி பிதுங்கியது. எட்டாம் வகுப்போடு விட்ட படிப்பு. போதாக்குறைக்குப் புத்தகம் பேசிய தமிழ் வேறு ஏதோ தமிழாக இருந்தது. முதல் பக்கத்திலேயே, 'தங்கியிருப்பவரின் உரிமைகள்' என்று போட்டிருந்தது.

"இது யாருங்க தங்கியிருப்பவர்? லாட்ஜுல ரூம் போட்டவங்களா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"உங்க இல்லத்துல இருக்கிறவங்களைத்தான் அப்படிச் சொல்றாங்க. மரியாதையாம்."

அவர் எலக்ட்ரீஷியன். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அரைமணி நேரம் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பார், அதுவும் செய்தி வாசிக்கிற குரலில். "கேள்வி எண் பதினான்கு. தங்கியிருப்பவர் குளிக்க மறுக்கிறார். நீங்கள் செய்ய வேண்டியது என்ன? ஒன்று, வற்புறுத்திக் குளிப்பாட்டுதல். இரண்டு, சிறிது நேரம் கழித்து மீண்டும் கேட்டல். மூன்று, செவிலியரிடம் தெரிவித்தல். நான்கு, குடும்பத்தாரை அழைத்தல்."

"ரெண்டும் சரி, மூணும் சரி."

"ஒண்ணுதான் சொல்லணும்மா."

"எப்படிங்க ஒண்ணு? முதல்ல ரெண்டு, அப்புறமும் முடியாதுன்னா மூணு. அப்படித்தானே நடக்கும்?"

அவர் பின்பக்கம் புரட்டி விடையைப் பார்த்தார். இரண்டு என்று இருந்தது. அடுத்த பக்கத்தில் ஏறக்குறைய அதே கேள்விக்கு மூன்று என்று இருந்தது. "எனக்குன்னா கரண்ட் வருது, இல்லன்னா வரலை. உங்க வேலை ரொம்ப கஷ்டம்மா" என்று புத்தகத்தை மூடி வைத்தார்.

முதல் தடவை ஒன்பது மதிப்பெண் குறைந்து தோற்றாள். இரண்டாம் தடவை நான்கில். பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடும்போது எந்தக் கையை முதலில் நுழைக்க வேண்டும் என்று ஒரு கேள்வி. தினமும் போட்டுவிட்ட சட்டைதான். ஆனால் அதை 'பாதிக்கப்பட்ட புறம்' என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, எதிரே ஒருவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக் கைகளை அசைத்துப் பார்த்தாள். வலுவில்லாத கைதான் முதலில் என்று கை காட்டிக்கொடுக்கும் சமயத்தில் மேற்பார்வையாளர் வந்துவிட்டார். "யாருக்கு சைகை காட்டுறீங்க? கையைக் கீழ வைங்க." அதற்குப் பிறகு வந்த பத்துக் கேள்விகளும் தலைக்குள் ஏறவில்லை.

மூன்றாவது தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கும்போதே அவகாசம் முடிந்துவிட்டது. தலைமை நர்ஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "என் கையில ஒண்ணும் இல்லக்கா. திங்கட்கிழமையிலேர்ந்து தரை மட்டும் பாருங்க. யாரையும் தொடாதீங்க. யாராவது வந்து பார்த்தா என் வேலையும் சேர்ந்து போயிடும்."

"சரிங்க சிஸ்டர்" என்றாள். வேறென்ன சொல்வது?

ஆறாம் அறையில் ஒரு தையல்காரர் இருந்தார். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: 'ஆச்சு'. பசித்தாலும் ஆச்சு, வலித்தாலும் ஆச்சு, கோபம் வந்தால் அதே ஆச்சு உரக்க. மெதுவக்கா பக்கத்தில் வந்தால் அவளுடைய சட்டைக் கையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்ப்பார். துணி மட்டம் என்றால் உதட்டைப் பிதுக்குவார். "ஆமாமா, உங்க கடையில எடுத்திருந்தா இப்படியா இருக்கும்?" என்பாள் அவள். அவருக்குச் சிரிப்பு வரும், பாதி வாயில்.

அவருக்கு ஊட்டுவது லேசான காரியம் இல்லை. இடது பக்கமாக உட்கார வேண்டும், வலது பக்கம் இருப்பதை அவர் கண் கவனிக்காது. மசித்ததைச் சின்ன ஸ்பூனில் எடுத்து நல்ல கன்னத்தின் பக்கம் வைக்க வேண்டும். தொண்டைக் குமிழ் ஏறி இறங்குகிற வரைக்கும் அடுத்த வாய் எடுக்கக்கூடாது. நாற்பது நிமிஷம் பிடிக்கும். அவள் தன் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்துத்தான் அந்த நாற்பதைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை, புதிதாகத் தேறி வந்திருந்த பெண் ஊட்டப் போனாள். நல்ல பெண். வேகமான கை. ஆனால் வலது பக்கம் உட்கார்ந்தாள். ஸ்பூன் உதட்டில் பட்டதும் தையல்காரர் திடுக்கிட்டு வாயை இறுக்கிக்கொண்டார். வாசலில் தரை துடைக்கும் கட்டையோடு நின்ற மெதுவக்காவைப் பார்த்து, "ஆச்சு! ஆச்சு!" என்றார்.

"அந்தப் பக்கம் உக்காரும்மா. அவருக்கு இந்தப் பக்கம் தெரியாது" என்றாள் மெதுவக்கா.

பெண் உடனே மாறி உட்கார்ந்தாள். நாலு வாய் உள்ளே போயிற்று. ஐந்தாவதை அவர் கன்னத்திலேயே அடக்கிக்கொண்டார். பெண் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அக்கா, இன்னும் ஏழு பேர் இருக்காங்கக்கா. நான் என்ன பண்ணட்டும்?"

அவள் கேட்டதிலும் தப்பில்லை. தட்டு முக்கால்வாசி நிறைந்தபடியே திரும்பிப் போனது.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். மெதுவக்கா ஆறாம் அறையின் தரையை ஒரு நாளைக்கு மூன்று தடவை துடைத்தாள். துடைத்துக்கொண்டே, "ஒரு வாய் வாங்கிக்குங்க, தம்பி பொண்ணு கஷ்டப்படுது பாருங்க" என்று அந்தப் பெண்ணை அவருக்கு உறவாக்கிப் பேசிப் பார்த்தாள். பேசுவதற்குச் சட்டத்தில் தடையில்லை. அவர் அவள் கையைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். தன்மேல் கோபமா, அல்லது தன்னை அடையாளமே தெரியவில்லையா என்று அவளுக்குப் புரியவில்லை.

மதியங்களில் துணி அறையில், மடித்த போர்வைகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தாள். 'விழுங்குவதில் சிரமம்' என்ற பாடத்தை மட்டும் அவளால் படிக்க முடியவில்லை. ஒவ்வொரு வரியும் ஆறாம் அறையில் போய் முடிந்தது.

இரண்டாவது வாரம் எடை பார்த்தார்கள். தையல்காரருக்கு இரண்டு கிலோ குறைந்திருந்தது. மெதுவக்கா தலைமை நர்ஸிடம் போய்ச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார், டாக்டருக்கும் தெரிவித்தார். டாக்டர் சத்துப் பானம் எழுதிக்கொடுத்தார். அதையும் யாராவது பொறுமையாக ஊட்டத்தானே வேண்டும்? அடுத்த வாரம் இன்னும் ஒரு கிலோ. நான்காவது வாரக் கடைசியில் இருமல் வந்தது, பின்னாலேயே காய்ச்சல். சாப்பிட்டது நுரையீரலுக்குள் போய்விட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது, ஈரத்தரையில் சக்கரம் வழுக்காமல் இருக்க அவள் முன்னால் ஓடி ஓடித் துடைத்துக்கொண்டே போனாள். அவளால் முடிந்தது அது.

தையல்காரரின் மகன் மறுநாள் துணிமணி எடுக்க வந்தான். மாதம் ஒருமுறை வந்து, வந்த நேரமெல்லாம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். தாழ்வாரத்தில் அவளைப் பார்த்ததும் நின்றான்.

"அக்கா, நீங்க ஊட்டினா நல்லா சாப்பிடுவாரே. ஏன் விட்டுட்டீங்க?"

குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சட்டத்தைச் சொல்லலாம். இரண்டு தடவை தேறாமல் போனதைச் சொல்லலாம். அவன் கையிலிருந்த பையை வாங்கிச் சட்டைகளை ஒழுங்காக மடித்து அடுக்கிக் கொடுத்தாள்.

அதற்கு மூன்றாம் நாள் தேர்வு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். இருபத்தி எட்டாவது கேள்வி: 'தங்கியிருப்பவரின் எடை குறைந்து வருவதைக் கவனிக்கிறீர்கள். நீங்கள் முதலில் செய்ய வேண்டியது என்ன?' நான்கில் ஒரு விடை, 'செவிலியரிடம் தெரிவித்தல்.' அதை அழுத்தினாள். அதுதான் சரியான விடை. அவள் செய்ததும் அதுதான். நர்ஸும் டாக்டரும் அந்தப் பெண்ணும் அவரவர் செய்ய வேண்டியதைச் செய்திருந்தார்கள். திரை மங்கலாகத் தெரிந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருபத்தி ஒன்பதுக்குப் போனாள்.

இந்தத் தடவை தேறிவிட்டாள். தேவைக்கு மேல் ஆறு மதிப்பெண். புருஷன் செய்தி வாசிக்கிற குரலில் அக்கம்பக்கமெல்லாம் அறிவித்தார். தலைமை நர்ஸ் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

தையல்காரர் ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தார், மூக்கில் குழாயோடு. இனி வாய் வழியாக ஒன்றும் கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட. ஈரப்பஞ்சால் வாயைத் துடைத்துவிடலாம், அவ்வளவுதான். அந்த வேலையை அவளுக்கே போட்டிருந்தார்கள்.

இடது பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான்தான் வந்திருக்கேன். வாயைத் தொடைச்சு விடட்டுமா?"

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அரைமணி நேரம் கழித்து வந்து மறுபடி கேட்டாள். திரும்பவில்லை. கதவருகே தொங்கிய குறிப்பேட்டை எடுத்தாள். முறையாகப் படித்து வந்தவர்கள் மட்டும்தான் எழுதலாம் என்பதால் பதினோரு வருஷத்தில் அவள் அதில் பேனா வைத்ததில்லை. நேரத்தைக் குறித்து, 'மறுத்தார்' என்று எழுதி, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள்.

ஒன்பதாம் அறையில் மணி அடித்தது. பஞ்சைக் குப்பையில் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு அங்கே போனாள்.