குப்புறப் போட்ட கல்

அந்தக் கல்லை எடுத்தது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மடுல்கெல்லைப் பக்கம் நாங்கள் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு மயானம். மேலே பழைய சேர்ச்சை ஒட்டி இருப்பது வெள்ளைக்காரத் துரைமாருடையது. கீழே ஆற்றோரம் இருப்பது எங்களுடையது. மேலே கல் இருக்கும். கீழே மண்மேடும், அதன்மேல் வெட்டிப் போட்ட முள்ளும். முள் காய்ந்ததும் காட்டுப்பன்றி வரும்.

என் மகளைக் கீழேதான் புதைத்தோம். கைப்பிள்ளை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதே வாரம் பக்கத்து லயத்து வீட்டுக் கிழவரின் குழியைப் பன்றி கிளறிப் போட்டது. போய்ப் பார்த்தேன். பார்த்ததை எழுத மாட்டேன்.

சேர்ச் மயானத்தில் புல் வெட்டுவது என் வேலை. மழையில் மண் இளகி ஒரு கல் விழுந்து கிடந்தது. நானும் தம்பியும் சாக்கில் கட்டித் தூக்கிவந்து மகள்மேல் போட்டோம். எழுத்துள்ள பக்கத்தைக் கீழே வைத்தோம். இன்னொருத்தர் பெயர் பிள்ளைமேல் தெரியக்கூடாது என்று அப்படிச் செய்தேன். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. யார் பெயர் என்று கேட்கவும் இல்லை.

பன்றி அந்தப் பக்கம் வரவில்லை. ஆற்றோரத்தில் புல் ஆளுயரம் வளர்ந்தாலும், கல் இருந்ததால் இடம் தெரிந்தது. மற்ற பிள்ளைகளைப் புதைத்தவர்களுக்கு இடம் தெரியாது.

போன மாசியில் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். எழுபது வயது இருக்கும். ஒரு முழங்கால் மடங்காது. கண்டிப் பக்கம் அம்பிட்டியவிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார். வேன்காரர் நம்ம ஆள்தான். அவர்தான் இங்கிலீஷைத் தமிழில் மாற்றிச் சொன்னார்.

"அண்ணே, ஸ்கொட்லாந்துல இவரு ஊர்ல ஒரு பழைய உதைபந்து கிளப்பு இருக்காம். அதுல ஆதியில வெளையாடுன ஒருத்தரு இங்க தொரையா வந்து செத்துட்டாராம். அவரு கல்லத் தேடுறாரு."

"நூறு வருஷத்துக்கு மேல ஆன ஆளையா?" என்றேன்.

"அதான் நானும் கேட்டேன். பொதையல்னாலாவது நானும் மம்பட்டி எடுப்பேன்."

அவர் கையில் ஒரு கட்டுத் தாள் இருந்தது. எல்லாம் அந்தக் கிளப்பில் விளையாடிய பழைய ஆட்களின் பெயர். ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொன்னார். ஒருத்தர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்துகொண்டே விளையாடினாராம். சுரங்கம் இடிந்து உள்ளேயே போய்விட்டார். ஒருத்தர் யுத்தத்துக்குப் போய் ஒரு காலை இழந்து வந்து, மைதானத்து வாசலில் நின்று பேப்பர் விற்றார். கோல் காத்த ஒருத்தருக்கு இருபதாயிரம் பேர் கை தட்டினார்களாம். கடைசியில் அநாதைப் பிணங்களோடு பொதுக்குழியில் போட்டார்கள். கல் கிடையாது. அப்படிக் கல் இல்லாமல் கிடப்பவர்களை இவரும் கூட்டாளிகளும் தேடிக் கல் வைக்கிறார்களாம். பாதித் தாளுக்குமேல் முடித்துவிட்டார்கள். கல் இருக்கிறதா என்று தெரியாததால் இந்தத் துரை பெயருக்கு நேராக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது.

அந்த மயானத்தில் விழுந்த கல், நான் எடுத்த அது ஒன்றுதான்.

"விழுந்த கல்லு எதையும் பாத்தீங்களான்னு கேக்குறாரு அண்ணே."

"இல்ல" என்றேன்.

மூன்று நாள் தேடினார். பிரஷால் ஒவ்வொரு கல்லையும் தேய்த்தார். அட்டை ஏறி இரண்டு காலிலும் இரத்தம்.

"நம்ம அட்டைக்கு இவரு ரத்தம்னா இனிக்கிற டின் பால் மாதிரி" என்றார் வேன்காரர். வெள்ளைக்காரர் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார்.

நான் புல்லை வெட்டிக்கொண்டே இருந்தேன். வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

"குடுத்துறாத" என்றாள். "கல்லத் தூக்கிட்டா எங்க போயி அவளத் தேடுவ?"

நாலாம் நாள் அவர் புதுக் கல்லோடு வந்தார். கண்டியில் துரை பெயரை வெட்டச் சொல்லியிருக்கிறார். கல்தச்சரும் கூட வந்தார். பழைய கல் கிடைக்காது, மறுநாள் விமானம், அதனால் வெறுமையாக இருக்கிற இடத்தில் இதை வைத்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தார். சேர்ச் போதகரும் சரி என்றாராம். சுவரோரம் ஒரு இடத்தைக் காட்டி, என்னைக் குழி தோண்டச் சொன்னார்.

அந்த இடம் எனக்குத் தெரியும். அங்கே ஒரு மரச் சிலுவை இருந்தது. உளுத்து விழுந்ததும் நான்தான் எடுத்துப் போட்டேன். அந்தப் புதைகுழி நீளம் இரண்டு முழம்கூட இல்லை. துரைமார் வீட்டுக் குழந்தை ஒன்றுடையது.

தோண்டுகிற இரும்பு அலவாங்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னண்ணே? தோண்டுங்க" என்றார் வேன்காரர்.

"இது அவரு இல்ல. இது ஒரு பிள்ள. பிள்ள மேல இவரு பேரப் போடக்கூடாது."

"அப்ப அவரு எங்க?"

சைப்ரஸ் மரத்தடியைக் காட்டினேன். "அவரு அங்க. அங்க விழுந்து கெடந்த அவரு கல்லு என்கிட்ட இருக்கு. நான்தான் எடுத்தேன்."

வேன்காரர் அதை மாற்றிச் சொன்னார். வெள்ளைக்காரர் கத்தவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டார். பன்றி வராமல் மகள்மேல் போட்டேன் என்றேன்.

எல்லாரும் கீழே இறங்கினோம். அவருடைய காலுக்கு அந்தச் சரிவு கஷ்டம். என் மனைவி எங்களுக்கு முன்னால் வந்து கல்மேல் உட்கார்ந்திருந்தாள். லயத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"எந்திரி" என்றேன்.

"மாட்டேன்."

வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றார். ஒருதடவை பார்த்தால் போதும், பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடலாம் என்று கடைசியில் வேன்காரரிடம் சொல்லச் சொன்னார். அதற்குத்தான் அவள் எழுந்தாள்.

நானும் கல்தச்சரும் அலவாங்கு போட்டுப் புரட்டினோம். புழு நெளிந்தது. மண்ணைத் துடைத்தோம். மேலே இருக்கிற கல்லெல்லாம் மழையில் எழுத்துப் பாதி தேய்ந்து போயிருக்கிறது. இதில் ஒரு எழுத்தும் தேயவில்லை. வெள்ளைக்காரர் குனிந்து விரலால் தடவிப் பெயரை வாசித்தார்.

என் மனைவி கல்லைப் பார்த்தாள். கீழே மண்ணைப் பார்த்தாள். எழுத்து அப்படியே மண்ணில் பதிந்திருந்தது.

"யோவ்" என்றாள். "எழுத்து இத்தன வருஷமும் அவ பக்கமாத்தானய்யா இருந்திருக்கு."

நான் அதை நினைக்கவே இல்லை. மேலே நிற்கிறவர்கள் கண்ணுக்குத்தான் மறைத்தேன்.

"எடுத்துக்கச் சொல்லு" என்றாள். "அவங்க ஆளு கல்லு. கொண்டுபோகட்டும்."

பழைய கல்லை சைப்ரஸ் அடியில் நட்டோம். வெள்ளைக்காரர் தாளை எடுத்துக் கேள்விக்குறியை அடித்தார். புதுக் கல் மிச்சம். அதை உங்கள் மகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். குப்புறப் போடலாமா என்று கல்தச்சர் கேட்டார்.

"வேணாம்" என்றாள் மனைவி. "எழுத்து ரெண்டு பக்கமும் வேணாம்."

அதனால் கல்தச்சர் உட்கார்ந்து வெட்டிய பெயரைக் கொத்தி எடுத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முடிந்ததும் வெள்ளைக்காரர் கேட்கச் சொன்னார்.

"பாப்பா பேரு என்ன அண்ணே? இப்பவே வெட்டிரலாமாம். அவரு செலவுல."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களில் முப்பத்தோராம் நாள்தான் பெயர் வைப்பது. மகள் இருபத்திரண்டு நாள்தான் இருந்தாள்.

"வைக்கல" என்றேன். "அப்படியே போடுங்க."

வேன்காரர் அதை மாற்றிச் சொன்னார். நாலு பேரும் பிடித்துக் கல்லை இறக்கினோம். சுற்றி மண்ணை மிதித்தேன்.

கொத்தி எடுத்த இடம் பள்ளம். மழை பெய்தால் தண்ணீர் நிற்கிறது. வேலைக்குப் போகும்போது கையால் வழித்துவிட்டுப் போகிறேன்.