கொப்பரைத் தராசில் ஒரு பயணி

ஆகாயத்தில் பறப்பதற்காகப் புட்டு தின்பதை நிறுத்தியவன் நான். இப்படி ஒரு மடையனை எங்கள் தெரு அதற்கு முன்பு பார்த்ததில்லை. பிறகும் பார்த்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அப்பா கொழும்பில் கடைவேலைக்குப் போனதிலிருந்து அம்மாவும் நானும் மாமா வீட்டில் இருந்தோம். மாமா அம்மாவின் அண்ணன். சண்டைக்காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, பர்மா எல்லையில் விமானங்களுக்குப் பழுது பார்த்தவர். அவர் அங்கே ஏதோ ஒரு இறக்கைக்கு ஆணி முறுக்கிக்கொண்டிருந்த சமயத்தில் அத்தை நெய்யூர் ஆஸ்பத்திரியில் பிரசவத்தோடு போய்விட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. திரும்பி வந்தவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். தேங்காய் போட்டுவைக்கிற புரையைக் காலி செய்து, சின்னதாக ஒரு விமானம் கட்டப்போகிறேன் என்று மட்டும் சொன்னார்.

சொன்னாரே தவிர விமானத்தைக் காணோம். வந்ததெல்லாம் சாமான்தான். ஆஞ்சிலிப் பலகையில் ஆள் நீளத்துக்கு ஒரு வேலைமேசை. கோட்டாற்று இரும்புக்கடையிலிருந்து மாட்டுவண்டியில் வந்து இறங்கிய, மரத்தைக் கவ்விப் பிடிக்கிற வைஸ். இழைப்புளி, அரம், உளி, வாள் என்று சுவர் நிறைந்தது. மரச்சட்டத்தை ஆவியில் வேகவைத்து வளைக்க வேண்டுமாம். அதற்காக ஒரு பனந்தடியைக் குடைந்து குழாயாக்கி, நெல் அவிக்கிற குட்டுவத்தின் வாயில் பொருத்திவிட்டார். அந்தப் பூவுக்கு, அறுவடை முடிந்தும், எங்கள் வீட்டில் நெல் அவியவில்லை.

அம்மா சண்டை போடவில்லை. மீன்காரியை வாசலில் உட்கார்த்திவைத்துப் பேரம் பேசுகிறவள், ஒரு சாமான் வந்து இறங்கியதும் அடுத்தது என்ன என்று அவளாகவே கேட்பாள். வாங்க ஏதாவது பாக்கி இருக்கிறவரை அண்ணன் எழுந்து நடமாடுவார் என்பது அவள் கணக்கு என்று எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

தெருப்பயல்கள் என்னைக் கண்டால் உன் அப்பா எப்போ வருவார் என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதனால் நான் தெருவுக்கே போவதில்லை. புரைவாசலில் குந்தியிருப்பேன். மாமாவும் பேசமாட்டார். ஒரு புரைக்கு இரண்டு ஊமைகள்.

ஒருநாள் மாமா வாயைத் திறந்து, விமானத்துக்குப் பாரம்தான் சத்துரு என்றார். கொப்பரை நிறுக்கிற தராசு உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மரத்துண்டையும் அதில் வைத்துப் பார்ப்பார். அவர் அசந்த நேரம் நான் தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். திரும்பியவர், ஊருக்கு வந்தபிறகு முதல்முறையாகச் சிரித்தார்.

“நீ ஒரு சாக்குக் கொப்பரை எடைக்குக்கூடக் காணமாட்டலே மக்கா.”

கேலி என்பது கைப்பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். எனக்கு அது பரீட்சையில் தேறிய செய்தி. வட்டக்கோட்டை மதிலில் ஏறி நின்றால் தெரிகிற கடலுக்கு அந்தப்பக்கம் முதல் ஊர் கொழும்பு என்பது என் பூகோளம். மாமா முன்னால், நான் பின்னால். அப்பா கடைவாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பார். அன்றிலிருந்து புட்டு வேண்டாம், பயறு வேண்டாம், பழமும் வேண்டாம். வயிற்றில் பூச்சி என்று அம்மா விளக்கெண்ணெய் புகட்டினாள். பாரம் இன்னும் கொஞ்சம் குறையுமே என்று ஆசையாக வாங்கிக் குடித்தேன்.

சரஸ்வதி பூசை வந்தது. என் பாடப்புத்தகங்களோடு மாமாவின் கருவிகளும் சந்தனம் தொட்டுப் பூசையில் ஏறின. பூசை எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த மாமாவிடம் அம்மா கேட்டாள்.

“இன்னும் ஒண்ணும் வாங்கண்டாமாண்ணே? நல்லா யோசிச்சுப் பாருங்க.”

ஒன்றும் வேண்டாம், எல்லாம் ஆயிற்று என்றார் மாமா. அம்மா அடுக்களைக்குப் போய் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். செலவு ஓய்ந்தது என்றால் சந்தோஷப்படத்தானே வேண்டும்? அடுப்புப் புகை என்று நினைத்துக்கொண்டேன்.

விஜயதசமியன்று பூசை எடுத்த கையோடு எந்தத் தொழில்காரனும் கொஞ்சமாவது வேலையைத் தொடங்கியாக வேண்டும். நான் குளித்து, இருந்த ஒரே நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு போய் நின்றேன். முதலில் இறக்கையைத்தான் தொடுவார் என்று பார்த்தேன். மாமா விமானத்தில் உட்காருகிற சீட்டைச் செய்தார். பொழுது சாய்வதற்குள் முடித்து, தரையில் வைத்து, அதில் உட்கார்ந்தும் பார்த்தார். கால்களை நீட்டி, கைகளை மடியில் போட்டுக்கொண்டு, சுவருக்கு எதிரே. எழுந்திருக்கவே இல்லை. புரையில் கடல்காற்று வருகிற ஜன்னல் ஒன்று இருந்தது. பறக்கப்போகிறவன் அந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டிருப்பான். இது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. எனக்கு என் கவலை. பக்கத்தில் போய், விலா எலும்பு தெரிகிற மாதிரி சட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு கேட்டேன்.

“மாமா, எனக்க சீட்டு எங்க?”

அவர் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இது ஒத்தையாளுக்கு உள்ளதாக்கும்.”